பார்க்காத கண்ணுக்கு யார் பணம் தருவது?

செயற்கைக் கண் என்றதும் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் மூன்று விதமாகக் குழம்புகின்றன. கண்ணாடியா, அலங்காரமா, ஒருமுறை வாங்கினால் போதுமென்ற சாமானா? ஓர் எழுத்தும் நான்கு எண்களும் கொண்ட ஒரு குறியீடு இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலை எழுதும் தொழில் நம் ஊர் இளைஞர்களுக்கு அத்துப்படி.

அமெரிக்காவின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் ஒரு விசித்திரம் உண்டு. எழுபது வயதுப் பாட்டிக்குப் பேப்பர் படிக்க மூக்குக்கண்ணாடி வேண்டுமென்றால் மெடிகேர் கையை விரித்துவிடும். கண்புரை அறுவைக்குப் பிறகு ஒரே ஒரு ஜோடிக்கு மட்டும் விதிவிலக்கு. அதே பாட்டிக்கு ஒரு கண் பறிபோய், அந்தக் குழியில் வைக்கப் பிளாஸ்டிக் கண் தேவைப்பட்டால் பணம் தரும். பார்க்க உதவும் கண்ணாடிக்கு இல்லாத காசு, ஒரு நாளும் பார்க்கப்போகாத கண்ணுக்கு உண்டு.

சட்டத்தில் உண்டு என்பது வேறு, கைக்கு வந்து சேருவது வேறு. நோயாளிக்கு என்ன நேர்ந்தது, மருத்துவர் என்ன செய்தார், என்ன பொருள் கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் எழுத்தும் எண்ணுமாக மாறிக் கிளெய்ம் படிவத்தில் ஏற வேண்டும். அதில் ஒன்று பிசகினாலும் கிளெய்ம் திரும்பி வந்துவிடும். இப்படி மாற்றும் வேலைதான் மெடிக்கல் கோடிங். அதை அனுப்பிப் பணத்தை வசூலிப்பது பில்லிங். அமெரிக்க மருத்துவமனைகளின் இந்த இரண்டு வேலைகளும் பல ஆண்டுகளாகச் சென்னை, கோவை, திருச்சி என்று நம் ஊர்களில் நடக்கின்றன. மைக்ரோபயாலஜியோ நர்சிங்கோ பிசியோதெரபியோ படித்துவிட்டு, செல்போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போய், முகம் தெரியாத அமெரிக்கரின் மருத்துவக் குறிப்பைப் படித்துக் குறியீடு போடுகிற ஒருவர் நம் தெருவிலேயே இருப்பார்.

அவர்களிடம் நிமோனியாவும் நெஞ்சுவலியும் நாள்தோறும் வரும். செயற்கைக் கண் அபூர்வமாகத்தான் வரும். வரும்போது தலைவலியோடு வரும்.

கை, கால், கண்

1965 ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். எவற்றுக்கெல்லாம் பணம் தரலாம் என்ற பட்டியலில் செயற்கைக் கால், செயற்கைக் கை ஆகியவற்றோடு செயற்கைக் கண்ணும் சேர்க்கப்பட்டது. நோயாளியின் உடல்நிலை மாறி வேறொன்று தேவைப்பட்டால் அதையும் தரலாம் என்று அதே இடத்தில் எழுதிவைத்தார்கள். மூக்குக்கண்ணாடியோ விலக்குப் பட்டியலுக்குப் போனது. சட்டத்தின் பார்வையில் செயற்கைக் கண் இழந்த உறுப்புக்கு ஈடு, கண்ணாடி இருக்கிற உறுப்புக்கு உதவி. பின்னால் வரும் சண்டைகள் எல்லாவற்றிலும் கடைசியில் காட்ட வேண்டிய ஆதாரம் இந்தப் பிரிவுதான்.

அந்தச் சட்டம் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்தான் செயற்கைக் கண்ணின் மூலப்பொருளே மாறியிருந்தது. அதுவரை உலகத்துக்குக் கண் செய்து கொடுத்த ஊர் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியிலுள்ள லாவ்ஷா. கண்ணாடி ஊதும் தொழில் அங்கே பரம்பரைத் தொழில். 1835-இல் லுட்விக் முல்லர்-ஊரி அங்கே மனிதக் கண் செய்யத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஜெர்மன் கண்ணாடி அமெரிக்காவுக்கு வருவது நின்றுபோனது. கண் இழந்து திரும்பும் சிப்பாய்களோ குவிந்தார்கள். அமெரிக்க ராணுவத்தின் பல் மருத்துவர்கள், பல்செட் செய்யும் அக்ரிலிக்கை எடுத்துக் கண் செய்து பார்த்தார்கள். ஸ்டான்லி எர்ஃப், மில்டன் விர்ட்ஸ், விக்டர் டீட்ஸ் ஆகிய மூவரும் இதில் முன்னோடிகள். பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் இந்த முறை நிலைபெற்றது. ஜெர்மனியில் இன்றும் கண்ணாடிக் கண்ணுக்குத்தான் மவுசு. மற்ற பெரும்பாலான நாடுகளில் பிளாஸ்டிக் கண்தான்.

உள்ளே உருண்டை, வெளியே ஓடு

செயற்கைக் கண் கோலிக்குண்டு போல உருண்டையாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கோடிங் படிக்கும் மாணவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். முதல் தப்பு இங்கேதான் விழுகிறது.

காயத்தாலோ புற்றுநோயாலோ கண்ணை எடுக்கும்போது அறுவை மருத்துவர் குழியின் உள்ளே ஓர் உருண்டையை வைத்துத் தசைகளை அதன்மேல் இணைத்து, சவ்வால் மூடித் தைத்துவிடுவார். இழந்த கனத்தை ஈடுகட்டுவது இதன் வேலை. வெளியே தெரியாது. அதற்குமேல் காப்பாக ஒரு தற்காலிகத் தகடு வைப்பார்கள். ஆறு முதல் எட்டு வாரங்களில் புண் ஆறியதும் நோயாளி இன்னொருவரிடம் போக வேண்டும். அவர் மருத்துவர் இல்லை, ஆக்யுலரிஸ்ட். கண் செய்யும் கைவினைஞர். அமெரிக்க ஆக்யுலரிஸ்ட் சங்கம் 1957-இல் தொடங்கியது. ஐந்து ஆண்டுகள், 10,000 மணி நேரம் ஒரு மூத்தவரிடம் கைத்தொழிலாகக் கற்க வேண்டும் என்பது அங்கே நடைமுறை.

பல் மருத்துவர் அச்செடுக்கப் பயன்படுத்தும் அதே ஆல்ஜினேட் கூழைக் குழிக்குள் செலுத்தி ஆக்யுலரிஸ்ட் அச்செடுக்கிறார். மெழுகில் மாதிரி செய்து, குழியில் வைத்து, இமை எவ்வளவு திறக்கிறது, எவ்வளவு மூடுகிறது என்று பார்த்துப் பார்த்துச் சீவுகிறார். பிறகு நோயாளியை வெளிச்சத்தில் உட்காரவைத்து, நல்ல கண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு சிறு கறுப்பு வில்லையில் கருவிழியின் நிறத்தை அடுக்கடுக்காகத் தீட்டுகிறார். பழுப்பு என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிற கண்ணில் தேன் நிறம், சாம்பல் வளையம், பச்சைப் புள்ளி எல்லாம் இருக்கும். வெண்விழியில் ஓடும் ரத்த நாளத்துக்குச் சிவப்பு நூலிலிருந்து இழை பிரித்து ஒட்டுகிறார். மேலே தெளிந்த அக்ரிலிக் பூசி, மெருகேற்றினால் வேலை முடிந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் அது தடித்த, வளைந்த ஓர் ஓடு.

ஆக, ஒரே நோயாளிக்கு இரண்டு செயற்கைப் பொருட்கள். உள்ளே வைத்த உருண்டைக்கு எல்8610 என்பது குறியீடு. வெளியே வைக்கும் ஓட்டுக்கு வி2623. இமையோடு சேர்த்துக் குழியில் உள்ளதையெல்லாம் அகற்றியவர்களுக்கு இமை, புருவப் பகுதி எல்லாம் சேர்ந்த முகக் கவசம் போன்ற உறுப்பு தேவை. அதற்கு எல்8042. மூன்றையும் நோயாளி ‘செயற்கைக் கண்’ என்றுதான் சொல்வார். கோடர் அப்படிச் சொல்ல முடியாது.

இடமா, வலமா?

அமெரிக்கக் கிளெய்ம் மூன்று குறியீட்டுப் பட்டியல்களால் ஆனது. என்ன நோய், ஏன் வந்தார் என்பதற்கு ஐசிடி-10-சிஎம். 2015 அக்டோபர் 1 முதல் இதுதான் நடைமுறையில் இருக்கிறது. மருத்துவர் என்ன செய்தார் என்பதற்குச் சிபிடி. என்ன பொருள் கொடுக்கப்பட்டது என்பதற்கு ஹெச்சிபிசிஎஸ். இதைக் கோடிங் தளத்தில் யாரும் எழுத்தெழுத்தாகச் சொல்வதில்லை, ‘ஹிக்பிக்ஸ்’ என்பார்கள்.

ஓஹியோவில் 68 வயது முதியவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பழைய காயத்தால் பார்வை போய், தீராத வலி கொடுத்த இடது கண்ணை எடுத்தாகிவிட்டது. உருண்டை வைத்துத் தசைகளையும் இணைத்ததால் அறுவை மருத்துவர் போடுவது 65105. உருண்டையே வைக்காமல் எடுத்திருந்தால் 65101. வெண்படலத்தை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் எடுத்து உருண்டை வைத்திருந்தால் 65093. எட்டு வாரம் கழித்து ஆக்யுலரிஸ்ட் தனியாகக் கிளெய்ம் போடுகிறார். பொருள் வி2623. நோய்க் குறியீடு? இங்கே மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன. கண் போய்விட்டது என்பதற்கு இசட்90.01. செயற்கைக் கண் இருக்கிறது என்பதற்கு இசட்97.0. செயற்கை இடது கண்ணைப் பொருத்திக்கொள்ள வந்திருக்கிறார் என்பதற்கு இசட்44.22. மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் முதல் தடவை பொருத்த வந்தவருக்கு ‘செயற்கைக் கண் இருக்கிறது’ என்று போட்டால், இருக்கிற கண்ணுக்கு இன்னொரு கண் எதற்கு என்று கேள்வி வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கண் போய்விட்டது என்று சொல்லும் இசட்90.01 எந்தக் கண் என்று சொல்வதில்லை. பிளாஸ்டிக் கண் என்று சொல்லும் வி2623-உம் சொல்வதில்லை. அறுவைக் குறியீட்டிலும் அது கிடையாது. அதைச் சொல்வதற்கென்றே குறியீட்டின் வாலில் இரண்டெழுத்து மாடிஃபையர் இருக்கிறது. வலம் என்றால் ஆர்டி, இடம் என்றால் எல்டி. அது விட்டுப்போனால் பொருளும் சரி, நோயும் சரி, தொகையும் சரி, ஆனாலும் பணம் வராது. இரு கண்ணும் இழந்தவர் என்றால் ஒரே வரியில் இரண்டு என்று போட முடியாது. வலத்துக்கு ஒரு வரி, இடத்துக்கு ஒரு வரி.

கண் எப்படிப் போனது என்பதும் குறியீட்டை மாற்றிவிடும். இசட்90.01 பிறந்த பிறகு இழந்தவர்களுக்கு மட்டும். பிறக்கும்போதே கண் இல்லாத குழந்தைக்கு க்யூ11.1, மிகச் சிறிய கண்ணோடு பிறந்த குழந்தைக்கு க்யூ11.2. கண் இருக்கிறது, சுருங்கிப் போய்விட்டது என்றால் எச்44.52 வரிசை. அவர்களுக்கு முழு ஓடு தேவையில்லை, சுருங்கிய கண்ணின்மேல் வைக்கும் மெல்லிய மூடி போதும். அதற்கு வி2627. அந்த நோயாளிக்குப் பழக்கதோஷத்தில் ‘கண் போய்விட்டது’ என்று குறியீடு போட்டால், கிளெய்மின் ஒரு வரி இன்னொரு வரியைப் பொய்யாக்கும்.

முதல் குழப்பம்: கண்ணாடிக் கணக்கு

ஹிக்பிக்ஸ் பட்டியலில் செயற்கைக் காலும் கையும் ‘எல்’ வரிசையில் இருக்கின்றன. செயற்கைக் கண்ணைக் கொண்டுபோய் ‘வி’ வரிசையில் வைத்துவிட்டார்கள். அது பார்வைச் சேவைகளுக்கான வரிசை. வி2020 என்றால் மூக்குக்கண்ணாடி ஃபிரேம். வி2500-இலிருந்து கான்டாக்ட் லென்ஸ். செயற்கைக் கண்ணுக்குப் பக்கத்து வீடு வி2630 முதல் வி2632 வரை, கண்புரை அறுவையில் உள்ளே வைக்கும் லென்ஸ்கள். சுற்றியிருக்கிற எல்லாமே பார்க்க உதவுகிறவை. நடுவில் பார்க்காத ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

மெடிகேருக்கு இதனால் பெரிய குழப்பமில்லை. செயற்கைக் கண்ணுக்கென்றே தனியாக விதிமுறை வைத்திருக்கிறது. தனியார் காப்பீட்டில்தான் வம்பு. அமெரிக்காவில் பலருக்கு மருத்துவக் காப்பீடு ஒரு நிறுவனத்திலும், ‘விஷன் பிளான்’ என்கிற கண்ணாடிக் காப்பீடு வேறொரு நிறுவனத்திலும் இருக்கும். குறியீட்டின் முதலெழுத்தைப் பார்த்ததுமே மருத்துவக் காப்பீடு ‘இது எங்கள் பொறுப்பில்லை’ என்று தள்ளும். மறுப்புக் காரணத்துக்கும் குறியீடு இருக்கிறது, சிஓ-109. வேறு நிறுவனத்துக்கு அனுப்பவும் என்று பொருள். அங்கே அனுப்பினால், ‘எங்கள் பாலிசியில் ஃபிரேமும் லென்ஸும்தான்’ என்று அவர்கள் சிஓ-96 போட்டுத் திருப்புவார்கள். பாலிசியிலேயே அடங்காத செலவு என்று அதற்குப் பொருள்.

இந்த இடத்தில்தான் ஏஆர் காலர்கள் வருகிறார்கள். நம் ஊரில் ராத்திரி ஷிப்ட் என்பது இவர்களை வைத்துத்தான். நிலுவையில் நிற்கும் கிளெய்ம் ஒவ்வொன்றுக்கும் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தைப் போனில் பிடித்து, நீண்ட காத்திருப்பு இசையைக் கேட்டு, மறுமுனையில் மனிதக் குரல் வந்ததும் வாதாட வேண்டும். செயற்கைக் கண் கிளெய்ம் என்றால் வாதத்தின் சாரம் ஒன்றே ஒன்று: இது செயற்கை உறுப்பு, இதை உங்கள் பாலிசியின் செயற்கை உறுப்புப் பிரிவில் பாருங்கள், பார்வைப் பிரிவில் பார்க்காதீர்கள். கேட்கிறவர் பிரிவை மாற்றிப் பார்த்தால் அன்றைக்கே தீர்ந்துவிடும். மாற்றாவிட்டால் மேல்முறையீடு.

இரண்டாவது குழப்பம்: அழகுக்கா?

பார்வை தராது, உயிர் காக்காது, வெளியே தெரிவது மட்டும்தான் வேலை. அப்படியானால் அழகுக்குத்தானே? காப்பீட்டு நிறுவனம் அடுத்துக் கேட்கும் கேள்வி இது. அழகு சம்பந்தப்பட்ட செலவைப் பெரும்பாலும் எந்தக் காப்பீடும் தராது.

மருத்துவப் பதில் தெளிவானது. கண் குழி வெற்றிடமாக இருந்தால் இமைகளுக்குத் தாங்கல் இல்லை. அவை உள்நோக்கிச் சரியும், இமைமுடி சவ்வில் உரசும். கண்ணீர் முறையாக வடியாமல் தேங்கும். குழி சுருங்கத் தொடங்கும். அப்படிச் சுருங்கிய பிறகு ஓடு வைக்க நினைத்தால் இன்னொரு அறுவை தேவைப்படலாம். அழகும் இதில் உண்டுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. முகத்தில் ஒரு குழியோடு வேலைக்கும் கடைக்கும் போவது எவ்வளவு பாரம் என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆனால் கிளெய்மை அனுமதிக்கிறவர் பார்ப்பது குழியின் ஆரோக்கியத்தை.

அதனால் எல்லாம் மருத்துவக் குறிப்பின் வாசகத்தில் தொங்குகிறது. ஒரே நோயாளியை ஒருவர் இப்படி எழுதலாம்: ‘செயற்கைக் கண் மங்கிவிட்டது. நிறம் பொருந்தவில்லை. புதிது வேண்டுமென்கிறார்.’ இன்னொருவர் இப்படி எழுதலாம்: ‘மஞ்சள் கசிவு. மேலிமையின் உட்புறம் சிவந்து தடித்திருக்கிறது. இமை முழுதாக மூடவில்லை. குழி ஆழமாகிவிட்டதால் ஓடு சுழல்கிறது. விளிம்பில் கீறல்.’ இரண்டுமே உண்மையாக இருக்கலாம். முதலாவதை வைத்துக் கிளெய்ம் போட்டால் ‘மருத்துவத் தேவை நிரூபிக்கப்படவில்லை’ என்று சிஓ-50 வரும். இரண்டாவதற்குப் பணம் வரும்.

குறிப்பில் இல்லாததைக் கோடர் சேர்க்கக் கூடாது. எழுதாதது நடக்காதது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். சந்தேகமிருந்தால் மருத்துவருக்கு எழுதிக் கேட்கலாம், தானாக ஊகிக்கக் கூடாது. அரசுப் பணத்துக்குப் பொய்க் கிளெய்ம் போடுவோர்மீது அமெரிக்கா 1863-லேயே சட்டம் கொண்டுவந்துவிட்டது. உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்குச் சொத்தைச் சரக்கு விற்ற கான்ட்ராக்டர்களைப் பிடிக்க லிங்கன் காலத்தில் வந்த அந்தச் சட்டம், இன்று மருத்துவ பில்களை மடக்கிப் பிடிக்கிறது. ஏய்த்த தொகையைப் போல மூன்று மடங்கு கட்ட வேண்டிவரும்.

மெடிகேருக்குத் தேவையான மற்ற தாள்களும் உண்டு. சிகிச்சை தரும் மருத்துவரின் கையெழுத்திட்ட எழுத்துபூர்வ உத்தரவு, நோயாளியிடம் பொருள் சேர்ந்ததற்கான அத்தாட்சி. இவற்றை ஏழாண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கிளெய்மைப் பொருள் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். மறுத்தால் முதல் மேல்முறையீட்டுக்கு 120 நாள், அதற்கடுத்த கட்டத்துக்கு 180 நாள்.

எல்லாம் சரியாக நடந்தால்? 2025-இல் மெடிகேரின் ‘பி’ பிரிவில் நோயாளி முதலில் தன் கையிலிருந்து 257 டாலர் கட்ட வேண்டியிருந்தது. அதற்குமேல் மெடிகேர் அனுமதிக்கும் தொகையில் 80 சதவீதம் மெடிகேர், 20 சதவீதம் நோயாளி. அனுமதித்த தொகை 2,000 டாலர் என்றும் முதல் 257 டாலரை ஏற்கெனவே கட்டிவிட்டார் என்றும் வைத்துக்கொண்டால், 1,600 காப்பீட்டின் பங்கு, 400 அவருடையது.

மூன்றாவது குழப்பம்: ஐந்தாண்டுக் கணக்கு

மெடிகேர் விதிப்படி ஒரு செயற்கைக் கண்ணின் ஆயுள் ஐந்தாண்டு. அதற்குமுன் மாற்றவேண்டுமானால் மருத்துவக் காரணத்தை ஆவணத்தோடு காட்ட வேண்டும். மெருகேற்றுவதற்கு ஆண்டுக்கு இரண்டு தடவை பணம் தரும். கண்ணீரிலுள்ள புரதம் பிளாஸ்டிக்கில் படிந்து சொரசொரப்பாகிவிடும் என்பதால் இது தேவை. ஓட்டைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ ஒருமுறை கேள்வி கேட்காமல் தரும். அதற்குமேல் போனால் காரணம் சொல்ல வேண்டும்.

68 வயதுக்காரருக்கு இது நியாயமான கணக்கு. அவருடைய குழி வளரப்போவதில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்கு?

குழந்தைகள் கண் இழக்கப் பெரிய காரணங்களில் ஒன்று ரெட்டினோபிளாஸ்டோமா என்கிற விழித்திரைப் புற்றுநோய். பிறக்கும் குழந்தைகளில் 15,000 முதல் 20,000 பேருக்கு ஒருவரைத் தாக்குகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வெளிப்படுகிறது. போட்டோவில் ஒரு கண்பாவை மட்டும் வெள்ளையாகத் தெரிவதை வைத்துக் கண்டுபிடித்த பெற்றோர் உண்டு. கட்டி கண்ணை நிரப்பிவிட்டால் கண்ணை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற வேண்டும். அதன்பின் குழந்தை வளர்கிறது, முகம் வளர்கிறது, குழியும் வளர வேண்டும். உள்ளே போதுமான கனம் இருந்தால்தான் அந்தப் பக்கத்து எலும்பு மறுபக்கத்துக்கு ஈடாக வளரும். ஓட்டை அவ்வப்போது பெரிதாக்க வேண்டும், பெரிதாக்கியும் போதாதபோது புதிது செய்ய வேண்டும். கண்ணே இல்லாமல் பிறந்த குழந்தைக்கு இன்னும் அவசரம். ஆரம்ப மாதங்களிலேயே அளவு கூட்டிக் கூட்டித் தகடு வைத்துக் குழியை விரிக்க வேண்டும். அந்தத் தகட்டுக்கு வி2628.

மெடிகேர் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளில் ஒரு பிரிவினருக்கும் எழுதப்பட்ட திட்டம். தனியார் நிறுவனங்கள் சொந்தமாக விதி எழுதாமல் மெடிகேர் விதியை எடுத்துத் தங்கள் பாலிசியில் ஒட்டிக்கொள்வது வழக்கம். அப்போது ஐந்தாண்டுக் கணக்கு குழந்தைக்கும் சேர்ந்தே வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘உச்சவரம்பு முடிந்துவிட்டது’ என்று சிஓ-119 வரும். முதியவரின் எலும்பை வைத்து எழுதிய விதியை மழலையின் முகத்தில் அமல்படுத்துகிறார்கள் என்று இதைச் சொன்னால் மிகையில்லை.

ஏழைக் குடும்பங்களுக்கான மெடிகெய்டில் இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. 21 வயதுக்குட்பட்டவருக்கு மருத்துவத் தேவை என்று நிரூபித்தால் வழக்கமான உச்சவரம்பைத் தாண்டியும் தந்தாக வேண்டும் என்பது 1989 முதல் அதன் சட்டம். நடுத்தரக் குடும்பத்துக் குழந்தைக்குத் தனியார் காப்பீட்டில் அப்படி ஒரு கவசம் இல்லை. அங்கே குழந்தைக்காகப் பேசுவது குறிப்பிலுள்ள அளவுகள்தான். போன ஆண்டு ஓட்டின் அகலம் எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு தேவை, இமை எத்தனை மில்லிமீட்டர் குறைவாகத் திறக்கிறது என்று எழுதியிருந்தால் மேல்முறையீட்டில் பிடி இருக்கிறது. ‘வளர்ந்துவிட்டான்’ என்று மட்டும் எழுதியிருந்தால் இல்லை.

நோய்க் குறியீட்டிலும் கவனம் வேண்டும். சிகிச்சை நடக்கும்வரை புற்றுநோய்க்குச் சி69.2 வரிசை. கண்ணை எடுத்து, சிகிச்சை முடிந்து, நோய் இல்லையென்றாகிவிட்டால் இசட்85.840, அதாவது ‘முன்பு கண்ணில் புற்று இருந்தது’. எட்டு வயதில் புதுக் கண்ணுக்கு வரும் பிள்ளைக்குப் பழைய கோப்பைப் பார்த்து இன்னும் புற்றுநோயாளி என்று போட்டால், குணமான பிள்ளையின் ஆவணத்தில் நோய் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

பெட்டிச் செய்தி: கண்ணுக்குள் எத்தனை குறியீடு!

வி2623 – அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் கண்
வி2624 – மெருகேற்றுதல்
வி2625 – பெரிதாக்குதல்
வி2626 – சிறிதாக்குதல்
வி2627 – சுருங்கிய கண்ணின்மேல் வைக்கும் மூடி
வி2628 – குழியைத் தாங்கும் தகடு
வி2629 – மற்ற வகைச் செயற்கைக் கண்
எல்8610 – குழிக்குள் புதைக்கும் உருண்டை
எல்8042 – இமையோடு சேர்ந்த குழி உறுப்பு
ஆர்டி / எல்டி – வலம் / இடம்

கடலுக்கு இந்தப் பக்கம்

எல்லா நாட்டிலும் இவ்வளவு பாடு இல்லை. இங்கிலாந்தில் பிளாக்பூலைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியச் செயற்கைக் கண் சேவை இருக்கிறது. அரசு மருத்துவத் துறையின் நோயாளிகளுக்கு இலவசமாகக் கண் செய்து கொடுக்கிறது. அங்கே நோயாளிக்கு வி-யும் தெரியாது, எல்-உம் தெரியாது.

நம் கதை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற கண் மருத்துவமனைகளில் செயற்கைக் கண் பொருத்துகிறார்கள். கையிருப்பிலுள்ள அளவுகளில் பொருந்துவதை எடுத்து வைப்பது மலிவு, அளவெடுத்து நிறம் தீட்டிச் செய்வது கூடுதல் செலவு. காப்பீடு என்று வரும்போது நமக்கும் அதே மூன்று குழப்பங்கள் வேறு உருவில் வருகின்றன.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விலக்குகளில் அழகுச் சிகிச்சை ஒன்று. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கு அதிலேயே விதிவிலக்கு இருக்கிறது. கண்ணை இழந்தவர்களில் பலர் இந்த வாசல் வழியாக உள்ளே வர முடியும். இன்னொரு தடை, நம் பாலிசிகள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்திருந்தால்தான் பணம் தரும். செயற்கைக் கண்ணோ அறுவை முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, புறநோயாளியாகப் போய் வாங்குவது. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்குப் பல பாலிசிகள் 60 நாளோ 90 நாளோ அவகாசம் தருகின்றன. எட்டு வாரம் என்றால் 56 நாள். புண் ஆறப் பத்து நாள் தாமதமானால் 60 நாள் பாலிசிக்காரரின் கண் கணக்கிலிருந்து விழுந்துவிடும். உடலுக்கு வெளியே பொருத்தும் உபகரணங்களையே விலக்கிவைத்த பாலிசிகளும் உண்டு என்பதால் அந்தப் பக்கத்தையும் படித்துவிட வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி வழியும் எளிதில்லை. ஒரு கண் முழுதாகப் போய் மறுகண் நன்றாக இருந்தால், அரசின் மதிப்பீட்டு விதிமுறைப்படி ஊனம் 30 சதவீதம். சலுகைகளுக்கான வரம்பு 40. ஒற்றைக் கண்ணர் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார்.

இதில் பாலிசிதாரரின் கையிலிருப்பது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் முக்கியம். அரசுத் திட்டத்தில் சிகிச்சை என்றால், தொகுப்பில் செயற்கைக் கண் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அறுவைக்கு முன்பே கேட்க வேண்டும். தனியார் பாலிசி என்றால் எழுத்துபூர்வமாக முன் அனுமதி கேட்க வேண்டும். எதுவானாலும் டிஸ்சார்ஜ் சம்மரியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்: எந்தக் கண், எதனால் எடுக்கப்பட்டது, செயற்கைக் கண் பொருத்துவது இந்தச் சிகிச்சையின் தொடர்ச்சி என்ற ஒரு வரி. அமெரிக்கக் கிளெய்ம்களில் இந்த ஒரு வரி விட்டுப்போனதால்தான் நம் பிள்ளைகள் ராத்திரி முழுக்கப் போனில் மல்லுக்கட்டுகிறார்கள். நம் வீட்டுக் கோப்பில் அதை முதல் நாளே கேட்டு வாங்கிவிடலாம்.